வாசலில் பயறு, வாயில் சுஷி

செட்சுபுன் இரவு. வெளியே பனி உறைந்து கிடந்தாலும் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். வீட்டுத் தலைவர் ஒரு மரப்படி நிறைய வறுத்த சோயாப் பயறோடு வாசலுக்கு வருவார். "அரக்கனே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு, ஒரு பிடியை வெளியே வீசுவார், ஒரு பிடியை உள்ளே இறைப்பார். வந்த பாக்கியம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று கதவைப் படாரென்று சாத்துவார்கள். அடுத்த வீட்டிலும் அதே கூச்சல் கேட்கும். ஜப்பானில் வசந்தம் வந்ததை ஒரு காலத்தில் காதால்தான் தெரிந்துகொண்டார்கள்.

பயறு வறுத்ததாக இருந்தே ஆக வேண்டும். பச்சைப் பயறு எங்காவது மூலையில் கிடந்து முளைத்துவிட்டால், விரட்டிய கேடும் கூடவே முளைக்கும் என்று நம்பினார்கள். வாசலில் ஹீராகி என்ற செடியின் முள் இலைக் கொத்தில் சுட்ட மத்தி மீனின் தலையைச் செருகி வைப்பார்கள். முள் அரக்கனின் கண்ணைக் குத்தும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். எடோ காலத்து நகரங்களில் அன்றிரவு ஒரு கூட்டம் வீடு வீடாகச் சென்று, பீடை நீங்க மங்கலச் சொற்களை ராகமாக அடுக்கிப் பாடி, பயறும் சில்லறையும் வாங்கிப் போகும்.

'செட்சுபுன்' என்றால் பருவம் பிரியும் இடம். கணக்குப்படி ஆண்டுக்கு நான்கு உண்டு. வசந்தத் தொடக்க நாளான ரிஷ்ஷுனுக்கு முந்தைய நாள் மட்டுமே திருநாளாக நிலைத்தது. பழைய நாட்காட்டியில் புத்தாண்டும் ரிஷ்ஷுனும் ஏறக்குறைய ஒட்டியே வரும். பழையதைத் துரத்திவிட்டுப் புதியதை வரவேற்க அதைவிடப் பொருத்தமான இரவு ஏது? 1873இல் மெய்ஜி அரசு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியதும் புத்தாண்டு ஜனவரி 1க்குப் போய்விட்டது. செட்சுபுன் மட்டும், ஊர்வலம் கடந்துபோன தெருவில் அவிழ்க்க மறந்த பந்தல் மாதிரி, பிப்ரவரிக் குளிரில் தனியே நின்றது.

வயது எத்தனையோ அத்தனை பயறு தின்னும் வழக்கத்துக்கும் இதே கதிதான். முன்பு புத்தாண்டு பிறந்தால் ஊரில் எல்லாருக்கும் ஒன்றாக ஒரு வயது கூடும். 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வயதைப் பிறந்தநாள் கணக்குக்கு மாற்றியது. பயறு எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. எண்பது வயதுக்காரர் எண்பது பயறை எந்தப் பல்லால் கடிப்பார் என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: மூன்றே மூன்று பயறைப் போட்டு வெந்நீரோ தேநீரோ ஊற்றிக் குடித்தால் போதும்.

இந்த விரட்டலின் வேர் வீட்டில் இல்லை, அரண்மனையில் இருக்கிறது. 706ஆம் ஆண்டில் நாடெங்கும் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்தபோது, சீனாவிலிருந்து வந்த பேய் விரட்டும் சடங்கு நடத்தப்பட்டதாக 'ஷோகு நிஹோங்கி' வரலாற்று நூல் சொல்கிறது. பிறகு அது ஆண்டின் கடைசி இரவுக்குரிய அரண்மனைச் சடங்கானது. நான்கு பொன் கண்கள் கொண்ட முகமூடியும் ஈட்டியும் கேடயமுமாக வரும் ஹோசோஷி என்பவன்தான் அதில் விரட்டுகிறவன். பார்க்கவே நடுங்க வைக்கும் தோற்றம். விளைவு என்ன தெரியுமா? ஹெயன் காலத்திலேயே அவனையே அரக்கன் என்று எண்ணித் துரத்தத் தொடங்கிவிட்டார்கள். காவல்காரனே கள்வனாகிப்போன கதை. பயறு எறியும் பழக்கம் அதற்கும் வெகுகாலம் பின்னால், 15ஆம் நூற்றாண்டு எழுத்துகளில்தான் தெரிய வருகிறது.

இன்று பயறு பிளாஸ்டிக் பையில் வருகிறது. தரையில் சிதறினால் யார் பெருக்குவது என்று சிறுசிறு உறைகளாகவே வீசும் வீடுகள் உண்டு. ஹொக்கைடோவிலும் வடகிழக்கிலும் ஓட்டோடு வேர்க்கடலை எறிகிறார்கள். பனியில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், பொறுக்கி உடைத்துத் தின்னலாம். அந்த ஊர்க்காரர்களின் சமயோசிதத்தை மெச்சத்தான் வேண்டும். ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்கு, தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளதால், இந்தக் கெட்டிப் பயறைக் கொடுக்க வேண்டாம் என்று அரசின் நுகர்வோர் விவகார முகமை எச்சரிக்கிறது.

பெரிய கூச்சல் இப்போது கோயில்களுக்குக் குடிபோய்விட்டது. நரிதாசான் ஷின்ஷோஜியில் சுமோ மல்லர்களும் தொலைக்காட்சி நடிகர்களும் மேடையேறி வீச, கீழே கூட்டம் கைநீட்டி அலைமோதுகிறது. அங்கே 'அரக்கனே வெளியே' என்று சொல்வதில்லை. கோயில் தெய்வமான ஃபுடோ மியோவின் கருணை அரக்கனையும் திருத்திவிடுமாம்.

வீட்டுக்குள் நுழைந்ததோ எஹோமாகி என்ற தடித்த சுஷிச் சுருள். ஒசாகா வட்டாரத்துப் பழக்கமாக இருந்த இதற்கு 1932லேயே சுஷி வியாபாரிகள் துண்டறிக்கை அடித்து விளம்பரம் தேடினார்கள். 1989இல் ஹிரோஷிமாவின் செவன் இலெவன் கடைகள் சில விற்கத் தொடங்கின. 1998இல் அந்நிறுவனம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்த ஆண்டின் அதிர்ஷ்டத் திசையை நோக்கி, முழுச் சுருளையும், வாய் திறந்து ஒரு சொல் பேசாமல் தின்று முடிக்க வேண்டும். பேசினால் பாக்கியம் போய்விடும். தெருவுக்கே கேட்கக் கத்திய இரவில், இப்போது குடும்பமே கைபேசித் திசைகாட்டி சொன்ன சுவரைப் பார்த்து மௌனமாக மென்றுகொண்டிருக்கிறது. கடைகளில் விற்காமல் மிஞ்சிய சுருள்கள் குப்பைக்குப் போன படங்கள் பரவி, 2019 ஜனவரியில் வேளாண் அமைச்சகமே தேவைக்கேற்பச் செய்யுங்கள் என்று வணிகச் சங்கங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தேதியும் இப்போது நிலையாக இல்லை. சூரியனின் நிலையை வைத்துக் கணிப்பதால், 2021இல் செட்சுபுன் பிப்ரவரி 2க்கு நகர்ந்தது. 1897க்குப் பிறகு, 124 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. 2025இலும் அப்படியே.

குழந்தைகள் இருக்கும் வீடுகளில் மட்டும் கூச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பயறோடு சேர்த்துக் கடைகளில் தரும் காகித அரக்க முகமூடியை அணிபவர் பெரும்பாலும் அப்பாதான். மரப்படியோடு வாசலில் நின்று விரட்டியவரின் பேரன், இன்று பிள்ளைகள் எறியும் பயறுக்குத் தலையைக் குனிந்துகொண்டு அடுக்குமாடி நடைபாதைக்கு ஓடுகிறார். பின்னால் கதவு படாரென்று சாத்தப்படுகிறது. முகமூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, குளிரில் சற்று நேரம் நின்றுவிட்டு, அழைப்பு மணியை அழுத்துகிறார்.