கூடு இல்லாத சேணம்... உங்கள் குதிரைக்குப் பொருந்துமா?

நுகத்தடி பொருந்தாத மாட்டுக்குக் கழுத்தில் புண் வரும். பார்த்தவுடனே, 'நுகத்தடியைக் கொஞ்சம் இழைக்கணும்' என்று சொல்லிவிடுவோம். குதிரை விஷயத்தில் மட்டும் தலைகீழாக நடந்துகொள்கிறோம். சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்குகிறது, வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது, ஏறி உட்கார்ந்ததும் முதுகைப் பள்ளமாக இறக்குகிறது என்றால், 'இதுக்குத் திமிர்' என்று சாட்டையை எடுக்கிறோம். பெரும்பாலும் அது திமிர் இல்லை, முதுகுவலி.

ஆடி மாதம், ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மார்வார், கத்தியவார் குதிரைகளுக்கு எவ்வளவு விலை பேசுகிறார்கள் என்று. அவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைக்கு, கிடைத்த பழைய சேணத்தை மாட்டிவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. இப்போது 'ட்ரீலெஸ்' எனப்படும் கூடு இல்லாத சேணம் பக்கம் பலருடைய பார்வை திரும்பியிருக்கிறது. எடை குறைவு, மெத்தென்று இருக்கும், எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை நம்பி வாங்கினால் குதிரையின் முதுகு கெடும்.

கூடு எதற்கு?

வழக்கமான சேணத்தின் தோலைப் பிரித்தால் உள்ளே மரத்தாலோ ஃபைபராலோ செய்த கெட்டியான கூடு இருக்கும். நம் எடையை முதுகெலும்பின் இருபுறமும் உள்ள சதைமீது பரப்பிவிடுவதும், முதுகெலும்பின் மேல் எதுவும் படாமல் பாலம்போல நிற்பதும் அதன் வேலை. கூடு குதிரையின் முதுகு வடிவத்துக்கு ஒத்துப்போனால் அதைவிட நல்லது இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் நான்கு மூலையிலும் குத்தும். தோள்பட்டை எலும்பு அசைய விடாமல் பிடிக்கும்.

கூடு இல்லாத சேணத்தில் இந்தக் குத்தல் இல்லை. முதுகு எப்படி வளைகிறதோ அப்படியே அதுவும் வளையும். கோடையில் இளைத்து, பசும்புல் கண்டதும் சதை போடும் குதிரைக்கு இது பெரிய வசதி. ஆனால், கூட்டோடு சேர்ந்து எடையைப் பரப்பும் வேலையும் போய்விடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 8 குதிரைகளில் இரண்டு வகைச் சேணத்தையும் மாட்டி, ஒரே ஆளை ஏற்றி, அழுத்தத்தை அளந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடு உள்ள சேணம்தான் எடையை அதிகப் பரப்பில் பிரித்துக் கொடுத்தது. கூடு இல்லாததில் சில இடங்களில் அழுத்தம் குவிந்தது. மெத்தென்று இருப்பது நமக்குத்தான். அடியில் குதிரைக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு கணக்கு.

அதனால் இந்தச் சேணத்தை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எடை குறைந்த ஆள், குறைந்த நேரச் சவாரி, சதைப்பிடிப்பான முதுகு, அதோடு நல்ல அடிமெத்தை... இந்த நான்கும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதலில் எடைக் கணக்கு

ஆளும் சேணமும் சேர்ந்து, குதிரையின் எடையில் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. எடைமேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 323 கிலோ. அதில் 20 சதவிகிதம் 65 கிலோகூட இல்லை. சேணம் 5 கிலோ என்றால், ஏறும் ஆள் 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நாட்டு மட்டக்குதிரை என்றால் இன்னும் குறையும். கூடு இல்லாத சேணத்துக்குத் தயாரிப்பாளரே ஓர் எடை வரம்பு சொல்லியிருப்பார். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

உட்கார்ந்த பிறகு பாருங்கள்

தாங்கியில் வைத்திருக்கும்போது எல்லாச் சேணமும் அழகாகத்தான் இருக்கும். கூடு இல்லாததை ஆள் ஏறிய பிறகுதான் சோதிக்க முடியும். எடை ஏறியதும் நடுவில் அமுங்கி, முதுகெலும்பின் மேலேயே படிந்துவிடும் சேணங்கள் உண்டு. முதுகெலும்பின் முனைகள் எடையைத் தாங்குவதற்கானவை அல்ல. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

இதைத் தடுப்பது சேணத்தைவிட அடியில் போடும் மெத்தைதான். நடுவில் மூன்று, நான்கு விரல் அகலத்துக்குப் பள்ளம் விட்டு, இருபுறமும் கெட்டியான ஃபோம் வைத்த மெத்தையாக இருக்க வேண்டும். நான்காக மடித்த கம்பளியும் சாக்கும் இந்த வேலையைச் செய்யாது. குதிரையைச் சமதரையில் நிறுத்தி, ஆளை ஏற்றி, முன்பக்கம் கழுத்து முடியும் மேட்டின் மேல் விரல்களை விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைய வேண்டும். பின்பக்கம் குனிந்து பார்த்தால் நடுப்பள்ளத்தில் வெளிச்சம் தெரிய வேண்டும். மார்வார், கத்தியவார் குதிரைகளில் அந்த மேடு எடுப்பாக இருப்பது உண்டு. அப்படிப்பட்ட குதிரைக்கு, முன்பக்கம் மட்டும் கெட்டியான வளைவு வைத்த மாடலைத் தேடுவது நல்லது.

சேணத்தின் முன்விளிம்பு தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். கடைசி விலா எலும்பை விரலால் தடவிக்கொண்டே மேலே போனால் முதுகைத் தொடும் இடம் தெரியும். நம் எடை அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது.

அங்கவடி வார் எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில சேணங்களில் அது முதுகின் குறுக்கே ஒரே பட்டையாகப் போகும். அங்கவடியில் எழும்பி நின்றால் மொத்த எடையும் அந்தப் பட்டை வழியாக இறங்கும். தரையிலிருந்து காலை ஊன்றி ஏறினால் சேணமே ஒருபக்கம் சுழன்று வரும். திண்ணையோ, கல்லோ வைத்து ஏறுங்கள். சுழல்கிறதே என்று வயிற்று வாரை மூச்சுமுட்ட இறுக்குவது தவறு. இரண்டு விரல் நுழைய வேண்டும். உருண்டை முதுகுள்ள மட்டக்குதிரைகளில் இந்தச் சிக்கல் அதிகம் வரும். வழுக்குவதை நிறுத்தவே முடியவில்லை என்றால், அந்தக் குதிரைக்கு அந்தச் சேணம் வேண்டாம். இன்னொன்று, வெறும் மெத்தையில் அங்கவடியைத் தொங்கவிட்டு, அதையும் 'ட்ரீலெஸ்' என்று விற்பது உண்டு. அது சேணமே இல்லை, ஆபத்து.

வியர்வை சொல்லும் சேதி

அரை மணி நேரம் சவாரி போய்வந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். இருபுறமும் ஒரே சீராக நனைந்து, நடுவில் முதுகெலும்புக் கோடு மட்டும் காய்ந்திருந்தால் நல்லது. நனைந்த இடத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாகியிருக்கலாம், அல்லது சேணம் அங்கே படாமலே இருந்திருக்கலாம். விரல் நுனியால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்; வலி இருந்தால் குதிரை முதுகை இறக்கும். முடி கலைந்து நின்றால் சேணம் அரைக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையிலும் ஒருமுறை தடவிப் பார்ப்பது அவசியம். சில வீக்கங்கள் தாமதமாகத்தான் எழும்பும். சேணம் படும் இடத்தில் வெள்ளை முடி இருந்தால் அது பழைய காயத்தின் அடையாளம். குதிரை வாங்கப் போகும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

புண் வந்துவிட்டால் ஆறும்வரை சேணம் போடவே கூடாது. மெத்தையில் ஓட்டை வெட்டிவிட்டு ஓட்டுவது, கழிவு ஆயில் தடவுவது இரண்டும் வேண்டாம். தனுர்வாதம் குதிரையை மிக எளிதாகத் தாக்கும், வந்தால் பிழைப்பது கடினம். கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவியைக் கேட்கலாம்.

கான்பூரிலிருந்து தருவித்தாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, குதிரையின் அளவு இல்லாமல் பணம் கட்டாதீர்கள். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கனமான அலுமினியக் கம்பியைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி வளைத்து, அப்படியே அட்டையில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். முதுகின் நடுவிலும் அதேபோல ஒன்று. இந்த இரண்டு வளைவையும் விற்பவருக்கு அனுப்பி, போட்டுப் பார்த்துத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்வி

எங்கள் குதிரைக்கு இரண்டு வயது. கூடு இல்லாத சேணம் லேசானதுதானே, பையனை ஏற்றிப் பழக்கலாமா?

வேண்டாம். சேணம் லேசாக இருக்கலாம், முதுகு முற்றவில்லை. குதிரையின் முதுகெலும்பு முழுதாக வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இப்போது வெறும் சேணத்தை மாட்டி, கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்குங்கள். மூன்றரை, நான்கு வயதில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, எடை குறைந்த ஆளை ஏற்றி, பத்து நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்குள் முதுகின் வடிவம் மாறியிருக்கும், கம்பி அளவைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.