மகள் படிப்புக்கு ஒரு பாஸ் புத்தகம்

மும்பையில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மகள் 12-ம் வகுப்பு தேறியதும் மகிழ்ச்சியோடு கவலையும் வந்து சேருகிறது. கல்லூரிக்குப் பணம் எங்கே? அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் இல்லையேல், மகள் வேலைக்குப் போகிறாள்.

சீட்டுப் பணம் கல்யாணம், ஊர்ப் பயணம் என்று கரைந்து விடுகிறது. நினைத்தவுடன் எடுக்க முடியாத பணமே படிப்புக்கு மிஞ்சும்.

தபால் நிலையத்தில்...

அதற்கு வழி, 2015-ல் மத்திய அரசு தொடங்கிய "செல்வமகள் சேமிப்பு"த் திட்டம். பெண் குழந்தைக்கு 10 வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் கணக்கு தொடங்கவேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது ரூ.250, 15 ஆண்டுகள் கட்டவேண்டும்.

மாதம் ரூ.500 கட்டினால், அசல் மட்டும் ரூ.90 ஆயிரம். வட்டி தனி.

மகள் 10-ம் வகுப்பு தேறியபின், மேல்படிப்புக்காகப் பாதிப் பணம் வரை எடுக்கலாம். கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான சான்று காட்டவேண்டும்.

வேலை மாறி ஊர் திரும்பினாலும் கவலை இல்லை. கணக்கை நெல்லைக்கோ, சேலத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

மகனுக்கு?

மாதம் ரூ.100 முதல் கட்டும் 5 ஆண்டு தொடர் வைப்பு, அதே தபால் நிலையத்தில் உண்டு.

மகள் பள்ளியில் சேரும் நாளிலேயே பாஸ் புத்தகமும் வாங்கிவிட்டால், வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கும்.