மாற்றார் சொல்லும் நம் கொள்கையும்

ஒருவருடைய அரசியல் கொள்கை எவ்வாறு உருவாகிறது? பெரும்பாலும் அதை நாம் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. தந்தையார் சொன்னதும், தெருவார் பேசிக்கொண்டதும், நாம் விரும்பி வாசிக்கும் பத்திரிகை எழுதியதும் சேர்ந்து நம் கொள்கையாக நிலைபெற்றுவிடுகின்றன. மாற்றுக் கருத்துடையவரின் சொல்லைக் கேட்கும்போதே அது சோதனைக்கு உள்ளாகிறது. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. கூட்டுறவாளராகிய நமக்கு அதில் தனி உரிமையும் உண்டு.

1806-ல் லண்டனில் பிறந்த மில், பள்ளிக்கு அனுப்பப்படாமல் தந்தையார் ஜேம்ஸ் மில்லிடமே பயின்றார். தனியுடைமையும் தடையற்ற வாணிபமும் நாட்டுக்கு நலம் என்பது அவர் இளமையில் பெற்ற பாடம். 1825-ல், ராபர்ட் ஓவனைப் பின்பற்றிய கூட்டுறவாளர்கள் லண்டனில் வாரந்தோறும் நடத்திய கூட்டத்துக்கு, அவர்களை எதிர்த்து வாதாடவே நண்பர்களுடன் சென்றார். வாதம் ஏறக்குறைய மூன்று மாதம் நடந்தது. எதிர்த்தரப்பில் முதன்மையாக நின்றவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்ஸன். மில் அன்று தம் கொள்கையை விடவில்லை. ஆயினும் தாம்ஸனை மிக மதிக்கத்தக்கவர் என்று சுயசரிதையில் குறித்துள்ளார்.

உடனே மாறாத மனம் மெல்ல மாறிற்று. 1848-ல் வெளியிட்ட தம் பொருளாதார நூலை 1852-ல் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது, பொதுவுடைமைக்கு எதிராக எழுதியிருந்த பகுதிகளை மாற்றினார். தொழிலாளர் தாமே நடத்தும் கூட்டுச் சங்கங்களை வரவேற்றார். 1844-ல் தொடங்கிய ராச்டேல் சங்கத்தையும் பிற்பதிப்பில் பாராட்டினார். ஆனால் போட்டி முற்றிலும் தீயது என்ற சோஷலிஸ்டுகளின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளினார்.

நம் சங்கங்களில் நடப்பது என்ன? ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக்கு நாம் சென்றிருந்தோம். பழைய மாதிரிச் சேலைகளையே நெய்வதால் சரக்குத் தேங்குகிறது என்று ஓர் அங்கத்தினர் எழுந்து சொன்னார். அவர் வேறு கட்சிக்காரர். ‘இங்கே கட்சி பேசாதீர்’ என்று சபை கூச்சலிட்டது. நேரமாயிற்று என்று நாமும் அவரை அமரச் சொன்னோம். அவர் சொல் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறவில்லை. மறு ஆண்டுத் தணிக்கையில், அச்சரக்கை அடக்க விலைக்கும் குறைத்து விற்ற நஷ்டம் தெரிந்தது. அவர் பார்த்தது சரக்கு அறையை. கட்சியைப் பார்த்தவர்கள் சபையாரும் நாமுமே. கூலியில் குறைவு கண்டவர்களுள் கூச்சலிட்டவர்களும் இருந்தனர்.

ஆகவே, நெசவாளராயினும் விவசாயியாயினும், அடுத்த மகாசபையில் ஒன்று செய்து பாருங்கள். தீர்மானத்தை எதிர்ப்பவரை முழுவதும் பேச விடுங்கள். அவர் கூறிய காரணத்தைத் தலைவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று அவரையே கேட்கட்டும். அது நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படட்டும். பின்னர் வாக்கெடுங்கள். முடிவு மாறாமலும் இருக்கலாம். ஆயினும் அது ஆராய்ந்தெடுத்த முடிவாக இருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நம் விதி. இரு தரப்பையும் கேட்டபின் அளிக்கும் வாக்கே சங்கத்தைக் காக்கும்.