முழங்கை வலியா? மட்டையின் நரம்பைப் பாருங்க!

டென்னிஸ் ஆடும் உங்க பையன் முழங்கை வலிக்குதுன்னு சொல்கிறானா? தைலம் தேடுமுன் மட்டையின் நரம்பைப் பாருங்கள்.

'சிந்தெடிக் கட்' என்பதில் குடலும் இல்லை, கிடலும் இல்லை, நைலான்தான். நடுவில் ஒரே கெட்டி இழை, அதன்மேல் மெல்லிய இழைச் சுற்று. 1.25 மி.மீ. கனமுள்ளது பந்தை நன்றாகக் கவ்வும், சீக்கிரம் அறும். 1.30 கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

"லேசில் அறாது சார்" என்று கடைக்காரர் பாலியெஸ்டரைக் காட்டுவார். அறாதுதான். ஆனால் நைலானைவிட விறைப்பு. பந்தின் அதிர்ச்சி கைக்கு அதிகம் ஏறும். இழுவையும் சீக்கிரம் தளரும். அறாத நரம்பை மாற்ற யாருக்கு மனசு வரும்? முழங்கைதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்!

வளரும் பிள்ளைக்கு நைலானே போதும். இழுவையை இரண்டு பவுண்டு குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். வலி அடங்கும்வரை ஆட்டம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் வலித்தால் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.