மூக்குக்கு வேலை கொடுங்க!

குட்டீஸ்... உங்க வீட்டு நாய் செருப்பைக் கடித்துக் குதறுகிறதா? தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே சங்கிலியை இழுத்துக் கொண்டு குரைக்கிறதா? 'இந்த வாலை யாருக்காவது கொடுத்து விடலாம்...' என்று அப்பா சொல்ல ஆரம்பித்து விட்டாரா? இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் அடங்காத பையனிடம், 'கரும்பலகையைத் துடைப்பா...' என்று வேலை கொடுத்தால், சமர்த்தாகி விடுவான். இது, வாத்தியார்கள் எல்லாருக்கும் தெரிந்த உபாயம். நாயும் அப்படித்தான். நாள் முழுக்க கட்டிப் போட்டால், அதன் துறுதுறுப்பு எங்கே போகும்? செருப்பின் மேல் தான்!

'ஓட விட்டால் போதாதா...' என்பீர்கள். ஓட்டமும் வேண்டும். ஆனால், கால் களைத்தாலும், மூளை சும்மா இருந்தால் சேட்டை தீராது. நாயின் மூளைக்கு மூக்கு வழியாகத் தான் வேலை கொடுக்க வேண்டும். நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள், சுமார் 50 லட்சம். நாய்க்கோ, 10 கோடிக்கும் மேல். சில இனங்களுக்கு, 30 கோடி வரை கூட! அது தரையை மோந்து பார்க்கும் போது, மூக்கை உற்றுக் கவனியுங்கள். துவாரங்களின் பக்கவாட்டில் சின்னக் கீறல் போல் இருக்கும். வெளிமூச்சு அந்த வழியே போய் விடுவதால், முன்னே இருக்கும் வாசனை கலைவதில்லை. என்ன ஒரு அமைப்பு பாருங்கள்!

சார்லட் டுராண்டன், அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், 2019ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கிண்ணம் ஒரு பக்கம் இருந்தால் தீனி உண்டு. மறு பக்கம் இருந்தால் காலி என, வளர்ப்பு நாய்களுக்குப் பழக்கினர். பின், கிண்ணத்தை நடுவில் வைத்தனர். தீனி இருக்குமா, இருக்காதா? நாய்க்குக் குழப்பம்! அதன் பின், இரண்டு வாரம், பாதி நாய்களுக்கு மோப்ப விளையாட்டு. மீதிக்கு, எஜமானர் கூடவே ஒட்டி நடக்கும் பயிற்சி. மீண்டும் நடுவில் கிண்ணம் வைத்த போது, மோப்பம் பிடித்த நாய்கள் முன்பை விட வேகமாகப் போயின. 'இருக்கும்' என்ற நம்பிக்கை தானே! மற்ற நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை.

நீங்களும் ஆரம்பிக்கலாம். பழைய துண்டை விரித்து, அதன் சாப்பாட்டிலிருந்தே சில துணுக்குகளைத் தூவி, பாய் போல் சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் நெட்டி, பிரித்துத் தின்னும். முதல் நாள் தளர்வாகச் சுருட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே கடினமாக்கினால், அலுத்துப் போய் துண்டையே கிழிக்கும். துணியை விழுங்குகிற நாய் என்றால், துண்டு வேண்டாம். புல்லில் தூவினால் போதும். அடுத்து, நாயை வெளியே நிறுத்தி, அறைக்குள் கதவுக்குப் பின், நாற்காலிக்குக் கீழ் என ஒளித்து வைத்து, 'தேடு!' என்று அனுப்புங்கள். பத்து நிமிடம் போதும்.

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். தின்னும் போது வாயருகே கையை நீட்டவோ, பிடுங்கவோ கூடாது. தெரு நாய்களிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். சாக்லெட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் தான்!

வீட்டில் வயதான நாய் இருந்தால், அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஓட முடியாத நாயும், கண் தெரியாத நாயும் கூட, இதை விளையாடும்.