'படம் எப்படி இருக்கு?' - ஒரு கேள்வி... ஓராயிரம் பதில்கள்!

பெரிய ஹீரோ படம் ரிலீஸ் ஆகும் நாளில், தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆனால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவரின் செல்போனில் 8 மணிக்கே 'ரிசல்ட்' வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 14 அன்று ரஜினியின் 'கூலி' வெளியானபோது கேரளாவிலும் கர்நாடகாவிலும் காலை 6 மணிக்கே காட்சிகள் தொடங்கிவிட்டன. அங்கே இடைவேளை விட்ட நேரத்தில், இங்கே பலர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் 'ஃபர்ஸ்ட் ஹாஃப் எப்படி' என்ற பஞ்சாயத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் ஆரம்பமாகிவிட்டது.

படம் பார்ப்பது பாதி சந்தோஷம் என்றால், பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவது மீதிப் பாதி. அதில் நமக்கு இணை யாருமில்லை. டீக்கடை, சலூன், ஆபீஸ் கேன்டீன், கல்யாண வீட்டுப் பந்தி என எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் 'என்ன படம் பார்த்தீங்க?' என்று பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சுக்கு ஒரு பலம் இருக்கிறது. ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தவும், படுக்க வைக்கவும் அதனால் முடியும்.

பேசிப் பேசியே ஓடிய படங்கள்

ஒரு காலத்தில் செய்தித்தாள் விளம்பரங்களில் 'தாய்மார்களின் பேராதரவுடன் வெற்றிநடை போடுகிறது' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அது வெறும் அலங்கார வார்த்தை இல்லை. மேட்னி ஷோ பார்த்துவிட்டு வந்த ஒரு அக்கா, தண்ணீர்க் குழாயடியில் 'படம் நல்லாயிருக்கு, அழுகையே வந்துடுச்சு' என்று சொன்னால் போதும். மறுநாள் அந்தத் தெருவே தியேட்டரில் இருக்கும். 

பத்திரிகை விமர்சனங்களுக்கும் தனி மரியாதை இருந்தது. 1977-ல் வெளியான பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. 'அந்தப் படத்துக்கு எத்தனை மார்க்?' என்பது இன்றும் ரசிகர்கள் பேசிக்கொள்கிற விஷயம்.

1980-ல் புதுமுகங்களை வைத்து வந்த 'ஒருதலை ராகம்' படத்துக்கு ஆரம்பத்தில் பெரிய கூட்டமில்லை. கல்லூரி மாணவர்கள் பார்த்தார்கள், நண்பர்களிடம் சொன்னார்கள், திரும்ப வந்து பார்த்தார்கள். படம் மெல்ல மெல்ல ஏறி பெரும் வெற்றி பெற்றது. 1999 டிசம்பரில் வந்த பாலாவின் 'சேது' கதையும் அதுதான். வாங்க ஆளில்லாமல் தவித்து, மிகச் சில தியேட்டர்களில் மட்டும் வெளியானது. பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் பேச்சே விளம்பரமாகி, விக்ரம் என்ற நடிகரைத் தமிழ்நாட்டின் வீட்டுப் பிள்ளையாக்கியது.

இந்த இரண்டு படங்களுக்கும் கிடைத்த பெரிய வரம், நேரம். நல்ல பேச்சு ஊர் முழுக்கப் பரவும்வரை தியேட்டரில் ஒட்டிக்கொண்டிருக்க அவற்றுக்கு அவகாசம் இருந்தது. இன்றைக்கு இல்லாதது அதுதான்.

மைக் முன்னால் நடப்பது என்ன?

காட்சி முடிந்து கதவு திறந்ததும் எதிரே பத்துப் பதினைந்து மைக்குகள். 'அண்ணா, படம் எப்படி இருக்கு?' என்ற கேள்வி. இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு வெயிலுக்கு வந்த மனிதருக்கு, கண் கூசுவது நிற்பதற்குள் தீர்ப்பு சொல்லியாக வேண்டும்.

'பரவாயில்லைங்க, அப்பா - மகன் சம்பந்தப்பட்ட இடங்கள் நல்லாயிருந்துச்சு, கடைசி அரை மணி நேரம் கொஞ்சம் இழுத்துட்டாங்க' என்று நிதானமாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது உபயோகமான கருத்து. ஆனால், வீடியோவுக்கு அது சுவாரஸ்யமில்லை. பக்கத்தில் ஒருவர் 'மரண மாஸ்... தியேட்டர் தெறிக்குது!' என்று சட்டையைச் சுழற்றுகிறார். இன்னொருவர் 'தலைவலி மாத்திரை கொடுங்க' என்று நெற்றியைப் பிடிக்கிறார். இந்த இருவர்தான் வைரல் ஆகிறார்கள். நடுவில் நின்றவரின் குரல் காணாமல் போய்விடுகிறது.

அதைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சும் அப்படியே மாறிவிட்டது. 'மொக்கை', 'வேற லெவல்', 'ஒன் டைம் வாட்ச்', 'லேக்', 'கூஸ்பம்ப்ஸ்'... இந்த ஐந்தாறு வார்த்தைகளில் எல்லாப் படங்களையும் அடக்கிவிடுகிறோம். ஒரு ஹோட்டலைப் பற்றிக் கேட்டால், 'சாம்பார் நல்லாயிருக்கும், வடை வேண்டாம், மதியம் போனா கூட்டம்' என்று விவரமாகச் சொல்கிறவர்கள், சினிமாவுக்கு மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

போதாக்குறைக்கு ரசிகர் சண்டை வேறு. எதிர் ஹீரோவின் படம் என்றால், டைட்டில் கார்டு போடும் முன்னரே 'ஃப்ளாப்' என்று போஸ்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்காமலே பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் பார்த்துவிட்டுச் சொல்வது எது, சண்டைக்காகச் சொல்வது எது என்று பிரித்துப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

கோர்ட் வரை போன கருத்து

ஒரு படம் வெள்ளிக்கிழமை வெளியானால் சனி, ஞாயிறுதான் அதன் உயிர். திங்கட்கிழமை கூட்டம் குறைந்தால் காட்சிகள் குறைக்கப்படும். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படங்கள் வரிசையில் நிற்கும். அதனால்தான் முதல் நாள் கருத்தைக் கண்டு தயாரிப்பாளர்கள் பதறுகிறார்கள்.

2024-ல் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களுக்கு வந்த முதல் நாள் விமர்சனங்களைச் சுட்டிக்காட்டிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று நவம்பரில் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், படம் வெளியாகி மூன்று நாள்களுக்கு விமர்சனங்களுக்குத் தடை கேட்டு இன்னொரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கேரளாவிலும் இதே பிரச்னை உயர் நீதிமன்றம் வரை போனது. முதல் 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுமை காக்கலாம் என்ற யோசனை, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞரின் அறிக்கையில் 2024-ல் முன்வைக்கப்பட்டது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பல நூறு பேர் மாதக்கணக்கில் உழைத்ததை ஒரே வார்த்தையில் தூக்கி எறிவது வலிக்கும். அதேபோல, நாலு பேர் கொண்ட குடும்பம் மல்டிபிளெக்ஸில் படம் பார்த்து, பாப்கார்ன் வாங்கி, பார்க்கிங் கட்டிவிட்டு வந்தால் ஆயிரம் ரூபாய் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் 'படம் எப்படி?' என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்றால் சொல்லவும் உரிமை உண்டு.

கத்தரிக்கோல் எடுத்த ரசிகன்

ரசிகரின் கருத்து இன்று வசூலை மட்டுமல்ல, படத்தையே மாற்றுகிறது. 'ரொம்ப நீளம்' என்ற பேச்சு எழுந்ததும் 'இந்தியன் 2' படத்தில் சுமார் 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. பிரேம்குமார் இயக்கத்தில் கார்த்தி, அரவிந்த்சாமி நடித்து 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' படத்திலும் ரிலீஸுக்குப் பிறகு சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன.

ஆனால், 'மெய்யழகன்' ஓடிடிக்கு வந்ததும் காற்று திசை மாறியது. ஒரே இரவில் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கும் அந்தப் படத்தை, வீட்டில் நிதானமாகப் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் ஊரைப் பற்றியும், பெயர் மறந்துபோன உறவுகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 'வெட்டியிருக்க வேண்டாமே' என்று வருந்தியவர்களும் உண்டு. தியேட்டரில் ஒருவருக்கு 'இழுவை'யாகத் தெரிந்தது, வீட்டு ஹாலில் இன்னொருவருக்கு ஆறுதலாக இருந்தது.

நாள்கள் போகப்போகத் தீர்ப்பு மாறுவது புதிதல்ல. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வெளியான கமலின் 'குணா', அன்று பெரிய வெற்றிப் படமில்லை. 32 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்', அதன் பாடலையும் கொடைக்கானல் குகையையும் மறுபடி பேச வைத்தது. 'குணா' வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள், அந்தப் பாட்டுக்குத் தியேட்டரில் கை தட்டினார்கள். 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் சறுக்கிய 'அன்பே சிவம்', டி.வி-யில் போடும்போதெல்லாம் புது ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. 2010 பொங்கலுக்கு வந்தபோது பலருக்குக் குழப்பம் தந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்', 2021 கடைசி நாளில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது திருவிழாவாக வரவேற்கப்பட்டது.

இதனால், முதல் நாள் சொன்னவர்கள் எல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை. அன்றைய மனநிலையில், அன்றைய எதிர்பார்ப்பில் அவர்களுக்குத் தோன்றியது அது. கருத்து என்பது கல்வெட்டு இல்லை. மாற்றிச் சொல்வதில் அவமானமும் இல்லை.

சின்னப் படங்களின் காவலர்கள்

பெரிய படங்களுக்குப் போஸ்டர் இருக்கிறது, டீசர் இருக்கிறது, ரசிகர் மன்றம் இருக்கிறது. சின்னப் படத்துக்கு ரசிகரின் வாய் மட்டும்தான் இருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து', ஊர் கிரிக்கெட்டும் மாமனார் - மருமகன் மோதலுமாக வந்து, 'நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கு' என்ற பேச்சாலேயே வளர்ந்தது. 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அப்படித்தான். இலங்கையிலிருந்து பிழைப்புத் தேடி சென்னைக்கு வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடிக்க, இளம் அறிமுக இயக்குநர் எடுத்த படம். 'அம்மா, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க' என்று ஒருவருக்கொருவர் சொல்லியே ரசிகர்கள் அதைக் கரை சேர்த்தார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். இந்தப் படங்களைக் காப்பாற்றியது 'வேற லெவல்' என்ற வார்த்தை இல்லை. 'இது இன்னாருக்குப் பிடிக்கும்' என்ற தகவல்தான்.

நல்ல கருத்து எப்படி இருக்கும்?

பக்கத்து வீட்டு மாமி 'படம் எப்படி?' என்று கேட்டால், அவர் உண்மையில் கேட்பது வேறு. 'நான் பார்க்கலாமா? பேரனைக் கூட்டிப் போகலாமா? காசு வீணாகாதே?' என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்தச் சின்ன விஷயங்கள் போதும்.

யாருக்கு என்று சொல்லுங்கள். 'பசங்களுக்குப் பிடிக்கும், பெரியவங்களுக்குச் சத்தம் அதிகம்' என்பது 'சூப்பர்', 'மொக்கை' இரண்டையும்விட உபயோகமான பதில்.

எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். கதை பிடிக்காமல் போனாலும் நடிப்பும் இசையும் நன்றாக இருந்திருக்கலாம். 'எனக்குப் பிடிக்கலை' என்பது வேறு, 'படம் மோசம்' என்பது வேறு. பேய்ப் படமே பிடிக்காதவர் பேய்ப் படத்துக்குப் போய்விட்டு 'மோசம்' என்பது, பாகற்காய் பிடிக்காதவர் சமையலைக் குறை சொல்வது மாதிரி.

வன்முறை, ஆபாசம் பற்றி முன்கூட்டியே எச்சரியுங்கள். 'யு/ஏ' சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'ஏ' என்றால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். இதைப் பார்க்காமல் குழந்தைகளோடு போய், பாதியில் அவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்காரும் பெற்றோர் நிறைய பேர்.

கிளைமாக்ஸைச் சொல்லாதீர்கள். திருப்பத்தைச் சொல்லிவிட்டு 'மத்தபடி நீங்களே பாருங்க' என்றால், பார்க்க என்ன மிச்சமிருக்கிறது? யார் கொலையாளி என்று குடும்ப குரூப்பில் போட்ட சித்தப்பாவை, அடுத்த பொங்கல் வரை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அடுத்தவர் ரசனையைக் கேலி செய்யாதீர்கள். பாட்டிக்கு ஒரு சென்டிமென்ட் படம் பிடித்திருந்தால் அது அவருடைய ரசனை. அண்ணனுக்குக் கொரியன் த்ரில்லர், தங்கைக்கு காதல் படம், அப்பாவுக்கு எம்.ஜி.ஆர் படம். ஒரே வீட்டில் இத்தனை ரசனை இருந்தால், இரவுச் சாப்பாட்டு நேரம் எவ்வளவு கலகலப்பாக இருக்கும்!

கருத்தைக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முகம் தெரியாத நூறு பேர் சொல்வதைவிட, உங்கள் ரசனை தெரிந்த ஒருவர் சொல்வதை நம்புங்கள். 'அவருக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்' என்று ஒரு நண்பர் எல்லோருக்கும் இருப்பார். அவருக்கு எப்போதும் பிடிக்காததெல்லாம் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால், அவரும் நல்ல வழிகாட்டிதான். அவர் 'மொக்கை' என்றதும் நீங்கள் தைரியமாக டிக்கெட் புக் செய்யலாம்!