ஓயாமல் படிக்கும் கணிப்பொறி

நேற்று படித்த பாடம் தெரிந்தால்தான் இன்றைய பாடம் புரியும். இது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு கணிப்பொறியும் இப்படி நாள்தோறும் படித்து, படித்ததன் துணையால் மேலும் கற்க முடியுமா?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் இதை முயன்று பார்த்தனர். 2010 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய அவர்களது திட்டத்தின் பெயர் 'நெல்'. வயலில் விளையும் நெல் அல்ல! 'முடிவில்லா மொழிக் கற்றல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இரவு பகலாக இணையத்திலுள்ள ஆங்கிலப் பக்கங்களைப் படிப்பதே அதன் வேலை.

அது எவ்வாறு கற்றது? நகரம், விளையாட்டு வீரர் என்பன போன்ற நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 10 அல்லது 15 எடுத்துக்காட்டுகளை மட்டும் விஞ்ஞானிகள் சொல்லிக் கொடுத்தனர். பாரிஸ் ஒரு நகரம் என்று அதற்குத் தெரியும் என வைத்துக் கொள்வோம். 'பாரிஸின் மேயர்' என்ற தொடரைப் பல பக்கங்களில் அது காண்கிறது. ஆகவே, 'மேயர்' என்ற சொல்லோடு இவ்வாறு வரும் வேறு பெயர்களும் நகரங்களாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. புதிய பெயர்கள் புதிய தொடர்களைக் காட்டித் தருகின்றன. அத்தொடர்கள் மேலும் பெயர்களைத் தருகின்றன.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பெயர் தவறாக நுழைந்துவிட்டால், அதன் பின்னே நூறு தவறுகள் வரிசையாக வந்துவிடும். இதைத் தடுக்க, ஒருவகைக் காவல் ஏற்பாடு செய்திருந்தனர். மனிதர் என்று முடிவான ஒன்று நகரமாக இருக்க முடியாதல்லவா? அத்தகைய முரண்பாடு தோன்றினால் நெல் அந்த ஊகத்தை ஏற்காது. தொடர்களைப் பார்ப்பது ஒரு பகுதி, சொல்லின் அமைப்பைப் பார்ப்பது மற்றொன்று, பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்ப்பது இன்னொன்று. இவை ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும்.

இவ்வளவு இருந்தும் நெல் ஒருமுறை ஏமாந்தது. 'குக்கி' என்பது அமெரிக்கர்கள் தின்னும் பிஸ்கட் போன்ற பண்டம். இணையதளங்கள் நம் கணிப்பொறியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புக்கும் அதே பெயர். 'இணையக் குக்கி'யையும் அடுப்பில் சுட்ட பண்டமாகவே நெல் எண்ணிக்கொண்டது! 'குக்கிகளை அழித்தேன்', 'கோப்புகளை அழித்தேன்' என்று மக்கள் எழுதியதைப் படித்ததும், கணிப்பொறிக் கோப்புகளும் அதற்குத் தின்பண்டங்களாகிவிட்டன.

முதல் 67 நாட்களில் நெல் திரட்டிய 2,42,000-க்கும் அதிகமான செய்திகளில், ஏறத்தாழ நூற்றுக்கு 74 சரியானவை என்று மதிப்பிட்டனர். நாளடைவில் அதன் சேமிப்பு 12 கோடிக் கூற்றுகளாகப் பெருகியது. எதை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்ணும் உடன் இருந்தது. ஆனால் தானே கற்கட்டும் என்று முதல் ஆறு மாதங்கள் விட்டுவைத்த ஆராய்ச்சியாளர்கள், 2010 ஜூன் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் ஐந்து நிமிடம் பார்வையிட்டுத் திருத்தத் தொடங்கினர்.